மாமாவின் ஆட்டோவில் வந்த சிங்கம்

என் மாமா நாவுலைக்குப் போய் பழைய ஆட்டோ ஒன்று வாங்கிக்கொண்டு வந்த அன்று, எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாமா. இன்னொருவர் சிங்கம்.

சிங்கம் பின் கண்ணாடியில் இருந்தது. கண்ணாடி முழுவதும் சிங்கமாகவே இருந்தது என்று சொல்வதுதான் சரி. இரத்தச் சிவப்பில் பின்னணி, அதன்மேல் மஞ்சள் சிங்கம், தூக்கிய முன்னங்காலில் வாள். இலங்கைத் தேசியக் கொடியில் நிற்கிற அதே சிங்கம்தான். ஆனால் கொடியில் அதற்குப் பக்கத்தில் தமிழருக்கென்று ஒரு கோடும் முஸ்லிம்களுக்கென்று ஒரு கோடும் இருக்கும். இந்தச் சிங்கம் அந்த இரண்டு கோடுகளையும் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் புறப்பட்டு வந்திருந்தது. கீழே, சொட்டுச் சொட்டாக வழிவது போன்ற எழுத்தில் சிங்களத்தில் இரண்டு சொற்கள். முன் கண்ணாடியின் மூலையில் அதே சிங்கத்தின் குட்டி ஒன்றும் இருந்தது.

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த ஸ்டிக்கர் அப்போது மாத்தளையில் மலிந்து கிடந்தது. வேனில், லொறியில், மோட்டார் சைக்கிளில், ஒரு முடிவெட்டும் கடையின் கண்ணாடியில்கூட. ஒட்டியவர்களில் சிலர் அதை மனதார நம்பினார்கள். சிலர் முன்னால் போன வண்டியில் இருந்தது என்பதற்காக ஒட்டினார்கள். பின்னால் வருகிறவனுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? எங்கள் ஆட்கள் அதைக் கண்டால் பேச்சைக் குறைத்துக்கொண்டு நடந்தார்கள்.

எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் நாலாம் வகுப்பு. பள்ளியில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிற பெருமையில், எழுத்துக் கூட்டி உரத்து வாசித்தேன். சிங்கத்தின் தேசம் என்று வந்தது. நன்றாக வாசிக்கிறாளே என்று அம்மா முதலில் சந்தோஷப்பட்டாள். எதை வாசித்தேன் என்று பிறகுதான் விளங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா பிரதான வீதியில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கிழிக்கிறவர். கிழித்தே பழகியவர் என்பதால், இன்றைக்கே உரித்து எடு என்றார்.

மாமா அவசரப்படவில்லை. அவர் என் அம்மாவுக்கு ஒரே தம்பி. எல்கடுவைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, கொழுந்து எடுத்துத் தம்பியை வளர்த்தவள் அம்மா. கல்யாணமாகி டவுனுக்கு வரும்போது தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். தனக்குச் சீதனமாக வந்தது ஒரு மச்சான்தான், அதுவும் தினமும் சாப்பிடுகிற சீதனம் என்று அப்பா சொல்லிக்கொள்வார். அந்த மச்சான் இப்போது சொந்த வண்டிக்காரர்.

உரிக்க முடியாததற்கு மாமா இரண்டு காரணம் வைத்திருந்தார். வண்டியை விற்ற வெங்காயத் தோட்டக்காரர் மறைக்காமல் சொல்லியிருந்தாராம்: பலாக்காய் விழுந்து பின் கண்ணாடி நெடுக வெடித்துவிட்டது, புதுசு போடச் சோம்பல், அவ்வளவு பெரிய ஸ்டிக்கர் கடையில் சிங்கத்தில்தான் இருந்தது. யானை இருந்திருந்தால் யானையை ஒட்டியிருப்பேன் என்று சிரித்தாராம். ஊரைப் பயமுறுத்திக்கொண்டிருந்த சிங்கம் உண்மையில் ஒரு உடைந்த கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்தால் கண்ணாடி உதிர்ந்துவிடும்.

இரண்டாவது காரணம்தான் கஷ்டமானது. பஸ் நிலையத்துப் பக்கத்து ஸ்டாண்டில் மாமாவுக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கே நிற்பவர்களில் பாதிக்கு மேல் சிங்களவர்கள். மாமா தமிழர் என்பது அவர்களுக்குத் தெரியும். சிங்கத்தையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தம்பி என்று அர்த்தம் வரும் "மல்லி"யால் கூப்பிட்டு இடம் விட்டார்கள். சிங்கத்தோடு வந்த தமிழன் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தான். அதே தமிழன் நாளைக்கே சிங்கத்தை உரித்துவிட்டு வந்து நின்றால்?

"ஒட்டுனது நான் இல்ல மச்சான். ஆனா உரிச்சா, உரிச்சது நானாயிருவேன்" என்றார் மாமா.

அப்பா, வாங்குகிறவர் வேண்டாம் என்ற துணியைப் போல அந்தப் பேச்சை மடித்து வைத்துவிட்டார்.

அப்படியாகச் சிங்கம் எங்களோடு தங்கியது. அதனால் மாமாவின் சவாரிகள் விசேஷமாகிப் போயின. எங்கள் பெண்கள் கையை நீட்டுவார்கள். வண்டி கிட்டே வந்ததும் நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொள்வார்கள். சிங்கள அம்மாமார் தைரியமாக ஏறி, தமிழரைப் பற்றியும் முஸ்லிம்களைப் பற்றியும் மனதில் இருந்ததையெல்லாம் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். மாமாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு ஓட்டுவார். அப்படிப் பேசிய ஒரு அம்மா, இறங்கும்போது மழையில் நனைந்த பிள்ளை என்று மாமாவுக்குத் தன் துவாயைக் கொடுத்துவிட்டுப் போனாராம். வைவதும் அவர்தான், துவட்டச் சொல்வதும் அவர்தான், நான் எதை நம்புவது என்று மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். முதுகுக்குப் பின்னால் என்ன பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் டிரைவர் சீட்டில் உட்கார வேண்டும் என்பது அவர் கண்டுபிடிப்பு. நாங்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறுவோம்.

அது மாமாவுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த காலம். தேடியது தரகர்தான், மாமா ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார். முத்துமாரியம்மன் கோயில் தேரன்று, கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு மற்றச் செருப்பைக் கையில் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்ற ஒரு பெண். உக்குவளை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள் என்று தெரிந்ததும், தரகரைக் கொண்டு போட்டோ அனுப்பினார். மாமாவின் போட்டோவை ஸ்டூடியோக்காரர் நன்றாக வெளுத்துக் கொடுத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு மாமாவை மாமாவாலேயே கண்டுபிடிக்க முடியாது.

அதற்கு முன்பு வந்த சம்பந்தங்கள் எல்லாம் தோட்டத்து ஆட்கள் என்ற ஒரு சொல்லில் நின்றுபோயிருந்தன. இதுவும் போனால் இனி எனக்குப் பெண்ணே பார்க்க வேண்டாம் என்று மாமா தரகரிடம் சொல்லியிருந்தார். இதையெல்லாம் நான் வெகு காலம் கழித்துத்தான் அறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்தது, மாமா ஆட்டோவைக் கழுவும்போது பாடுகிறார் என்பது மட்டும்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் சம்மதம் சொல்வதற்கு முன்னால், மாப்பிள்ளையின் ஊருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து விசாரித்துவிட்டுப் போவார்கள். கோயில் வாசல் பூக்காரியிடம், சில்லறைக் கடையில், முடிவெட்டுகிறவரிடம். எந்த நாள் வருவார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது. தெரிந்தால் அது விசாரிப்பே இல்லை.

உக்குவளைக்காரர்கள் வந்த அன்று நல்ல மழை. மாமா என்னைப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு, வீட்டுப் பக்கம் போகிற சவாரி ஏதாவது வருமா என்று ஸ்டாண்டில் காத்திருந்தார். பின் சீட்டின் மூலையில் நான். தலையில் தொப்பியை இறக்கிப் போட்டுக்கொண்டு மாமா. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு ஐயாவும் அம்மாவும் ஒரே குடைக்குள் ஓடி வந்தார்கள். முன் கண்ணாடியில் சிங்கக் குட்டியைக் கண்டதும் அந்த அம்மா பின்வாங்கினார். ஆனால் ஸ்டாண்டில் வரிசை வரிசைதான்; பின்னால் நின்ற வண்டிக்காரர் முன் வண்டியைக் காட்டிவிட்டார். ஏறிவிட்டார்கள். ஏறியதும் அந்த ஐயா நல்ல சிங்களத்தில் எங்கள் சந்தின் பெயரைச் சொன்னார்.

மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சவாரி ஏறினால் நான் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் இருவருக்கும் இடையிலான பழைய ஒப்பந்தம்.

"சிங்கத்தப் பாத்தீங்களா? வாளத் தூக்கிக்கிட்டு நிக்குது. யார வெட்டப் போறானாம்?" என்று அந்த அம்மா தமிழில் ஆரம்பித்தார்.

"மெதுவாப் பேசு."

"அவனுக்கு என்னா வெளங்கப் போகுது?"

"அதுவும் சரிதான். இவனுங்களுக்குப் படிப்பா ஏறும், கொழுப்புத்தான் ஏறும்" என்றார் ஐயா.

மாமா தொப்பியை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்குவதை நான் பார்த்தேன். அந்த அம்மாவின் பார்வை என் பக்கம் திரும்பியது. பள்ளிச் சீருடை எல்லோருக்கும் ஒரே வெள்ளைதான். என் ஒட்டுப் பொட்டு இடைவேளையிலேயே எங்கோ விழுந்திருந்தது. சிங்களப் பிள்ளையைப் பாருங்கள், எவ்வளவு அடக்கமாக இருக்கிறது, நம் பிள்ளைகள் என்றால் இந்நேரம் ஆட்டோவை இரண்டாக்கியிருக்கும் என்று சொல்லி, பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார். நான் "ஸ்தூதி" என்று சிங்களத்தில் நன்றி சொன்னேன். மரியாதையையும் பார்த்தீர்களா என்று அவர் உருகிப் போனார்.

பிறகு பேச்சு மாப்பிள்ளையிடம் வந்தது. சொந்த வண்டியாம், குடி கிடையாதாம். மகள் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சிரித்தாளே, இனி என்ன விசாரிப்பு என்று அந்த அம்மா கேட்டபோது மாமாவின் காதுகள் சிவந்தன. எங்கள் சந்துக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். மாமா நேராக விட்டார். மேலும் கேட்க ஆசை வந்துவிட்டது போலும். அன்று அந்த இருவருக்கும் மாத்தளையை ஒரு சுற்று முழுதாகக் காட்டினார்.

"பாத்தியா, சுத்திக்கிட்டுப் போறான். இவனுங்க புத்தி" என்றார் ஐயா. அது ஒன்றில் மட்டும் அவர் சொன்னது முழு உண்மை.

சுற்றிய சுற்றில்தான் மற்றப் பேச்சும் வந்தது. ஐயாவுக்கு மனம் ஒப்பவில்லை. மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லை, எல்லாம் அக்காதான். அந்த அக்கா யார்?

"தோட்டத்து லயத்துல கெடந்து கொழுந்து எடுத்தவ. நாம என்னா, கூடை தூக்கவா வந்தோம்? எங்க தாத்தா கடை போட வந்தவரு. நாலு தலைமுறையா மாத்தளைக்காரங்க. அவ ஊத்திக் குடுக்குற தேத்தண்ணிய நான் வாயில வைக்கணுமா?"

மாமாவின் தோள்கள் இப்போது குலுங்கவில்லை. நானோ கொய்யாவைக் கடித்துக்கொண்டு, இந்த ஐயாவுக்கு எங்கள் அம்மாவைத் தெரிந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கொழுந்து எடுத்த கதைகள் எனக்கு மனப்பாடம். மற்றவர்கள் முக்கால் கூடை எடுப்பதற்குள் அம்மாவின் கூடை வழியும். அதைச் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஒப்பந்தம் நினைவுக்கு வந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

சந்து முனையில் வண்டி நின்றது. மழை விடவில்லை. இறங்கி நனைவதற்கு மனமில்லாமல், ஐயா மாமாவிடமே சிங்களத்தில் கேட்டார். இந்தப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிற ஒரு தமிழ்ப் பொடியன் இருக்கிறானாமே, தெரியுமா?

"ஹொந்த கொல்லெக், மாத்தையா" என்றார் மாமா. நல்ல பையன் ஐயா என்று அர்த்தம்.

அத்தோடு அவர் நிறுத்தவில்லை. குடிப்பதில்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில், பார்க்கவும் ஆள் லட்சணம், எனக்கொரு தங்கச்சி இருந்தால் தமிழன் என்றும் பார்க்காமல் நானே கொடுத்திருப்பேன் என்று சிங்களத்தில் அடுக்கினார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. கடைசியில் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. அவனை வளர்த்தது அவனுடைய அக்கா, அந்த அம்மாவின் கையால் ஒரு வாய் சாப்பிடாதவர்கள் இந்தச் சந்தில் யாரும் இல்லை, தமிழரும் இல்லை, சிங்களவரும் இல்லை, முஸ்லிம்களும் இல்லை என்றார்.

ஐயா தன் மனைவியின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "ஒரு சிங்களவனே சொல்றான். அதுவும் சிங்கம் ஒட்டுனவன். பொய்யா சொல்லுவான்?"

பூக்காரியும் சில்லறைக் கடையும் பிழைத்தார்கள். விசாரிப்பு அத்தோடு முடிந்தது. அதே வண்டியில் அவர்களைப் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டோம்; இறங்கிய ஐயா பின் கண்ணாடிச் சிங்கத்தையும் அதன் கீழிருந்த சொற்களையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார். அன்று இரவு வீட்டில் மாமா, பெண் வீட்டார் வந்து போனார்களாம், ஸ்டாண்டில் சொன்னார்கள் என்று மட்டும் சொன்னார். என்னிடம் தனியாக, அந்த ஐயா பேசியதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். சும்மாதான் என்றார்.

உக்குவளையிலிருந்து சம்மதம் வந்தது. கூடவே ஒரு செய்தியும் வந்தது: பெண் பார்க்க வரும்போது மாப்பிள்ளை சொந்த வண்டியிலேயே வரட்டும், சொந்தக்காரர்கள் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

மாமாவுக்குப் பாட்டு நின்றுவிட்டது. சிங்கத்தோடு போய் அந்த வாசலில் நிற்க முடியாது. உரித்தால் கண்ணாடியும் போகும், ஸ்டாண்டும் போகும். அப்பா வழக்கம்போல உரி என்றார். அம்மா, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடு என்றாள். ஆட்டோவுக்கு முக்காடு போட்டா பொண்ணு பாக்கப் போறது என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த முக்காட்டிலிருந்துதானோ என்னவோ அவருக்கு யோசனை உதித்தது. அம்மனுக்கு வாகனம் எது?

ஸ்டிக்கர் வெட்டுகிற கடை ஒரு முஸ்லிம் அண்ணனுடையது; நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நானா சிங்கத்தை அளந்தார், கம்ப்யூட்டரில் ஒரு அம்மனை எடுத்தார், சிங்கத்தின் முதுகுக்குச் சரியாக அளவு பண்ணி வெட்டினார். அம்மன் ஏறி உட்கார்ந்ததும் சிங்கத்தின் முகமே சாந்தமானது போல இருந்தது. வாள்தான் தொல்லையாக இருந்தது. அம்மனின் ஒரு கையைக் கொஞ்சம் நீட்டி வெட்டி, சிங்கம் அம்மனுக்கு வாளை எடுத்துக் கொடுப்பது மாதிரி ஒட்டிவிட்டார். முன் கண்ணாடிக் குட்டியின் மேல் ஒரு பிள்ளையாரை ஒட்டி முழுதாக மறைத்தார். பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் சும்மா நின்ட சிங்கத்துக்கு இப்பதான் ஒரு வேல கெடச்சீக்கி" என்றார்.

ஸ்டாண்டில் என்ன சொல்வார்களோ என்று மாமா பயந்துகொண்டுதான் போனார். அங்கே எல்லோருக்கும் மூத்தவரான சிங்கள டிரைவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். செருப்பைக் கழற்றினார். அம்மனைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை மல்லி கோயிலுக்குப் போகும்போது தன் பெயரிலும் ஒரு தேங்காய் உடைக்கச் சொன்னார். உரித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. ஏற்றி வைத்ததை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. சிங்கத்தின் கீழிருந்த இரண்டு சொற்களும் அப்படியேதான் இருந்தன. அவற்றை மறைக்க அம்மனின் சேலை எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். மாமா மழித்த முகமும் திருநீறுமாக, வெள்ளைச் சட்டை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து தானே ஓட்டினார். பின்னால் அப்பா, அம்மா, நான், மடியில் வெற்றிலை பாக்குத் தட்டும் வாழைப்பழச் சீப்பும். தரகர் அங்கேயே வந்துவிடுவதாக ஏற்பாடு. அம்மா வழி முழுதும், நான் என்ன பேசணும், எப்பிடி உக்காரணும் என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே வந்தாள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், மற்றதை உன் சேலை பேசும் என்றார் அப்பா. அது அவர் கடையிலேயே விலை கூடிய சேலை.

உக்குவளையில் மாமா, அந்த இரண்டு சொற்களும் தெரியாதபடி, வண்டியைப் பின்புறமாகவே கொண்டுபோய் வேலியோடு ஒட்டி நிறுத்தினார். ஐயா வாசலுக்கு வந்து கைகூப்பி வரவேற்றார். மாமாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்று அவர் பார்த்தது ஒரு தொப்பியையும் ஒரு சிங்கத்தையும்தானே. நான் வாழைப்பழத்தோடு வண்டியிலேயே என் மூலையில் தங்கிவிட்டேன்.

உள்ளே பெண் சேலை கட்டி முடிப்பதற்குள், பெண் வீட்டு மச்சான்காரர் யாரோ எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆட்டோவுக்கு எஞ்சின் பின்னால். வேலியோரமாக முதலில் நுழைந்தவர் ஐயா. அம்மனைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்ட கை அங்கேயே நின்றது. கண் மெல்லக் கீழே இறங்கி, வாளுக்கு வந்து, அந்த இரண்டு சிங்களச் சொற்களில் தங்கியது. பின்னால் வந்த மச்சான்காரரிடம், இங்கே இடமில்லை, பிறகு பார்க்கலாம் என்று சொல்லி உள்ளே அனுப்பிவிட்டார். பிறகு பக்கவாட்டில் வந்து குனிந்து என்னைப் பார்த்தார்.

"பாப்பா, அன்னைக்கு மழையில, இந்த ஆட்டோவுல…"

நான் தலையாட்டினேன். அவருடைய வீட்டம்மா கொடுத்த கொய்யா நன்றாக இருந்தது என்றும் சொன்னேன்.

"அப்ப அந்த டிரைவரு?"

"மாமாதான்."

"அவருக்குத் தமிழ்…" என்று தொடங்கிவிட்டு, கேட்பது எவ்வளவு அபத்தம் என்று அவருக்கே விளங்கி நிறுத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. உள்ளே ஒரு முறை பார்த்தார். எங்கள் அம்மா சுவரோரமாக, நாற்காலியின் நுனியில், விலை கூடிய சேலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பது கதவு வழியே தெரிந்தது.

"நான் அன்னைக்குப் பேசுனது உனக்கு வெளங்கிச்சா?"

ஒப்பந்தம் சவாரிக்கு மட்டும்தான். இது சவாரி இல்லை. அன்று விழுங்கியதைச் சொல்ல இப்போதாவது வாய்த்ததே என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி.

"வெளங்கிச்சு. எங்கம்மா கொழுந்து எடுத்தவங்கதான். ரெண்டு கையாலயும் எடுப்பாங்க. மத்தவங்க கூடை நெறையிறதுக்குள்ள எங்கம்மா கூடை வழிஞ்சிரும். மாமாவுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து, புத்தகம் எல்லாம் அதுலதான் வாங்குனது."

ஐயா ஆட்டோவின் மிதிபலகையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியில் சேறு பட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறை கூப்பிட்டதும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

உள்ளே நாங்கள் நுழையவும் பெண் தேநீர்த் தட்டோடு வரவும் சரியாக இருந்தது. தேரில் செருப்பைத் தொலைத்தவர் இவர்தானா என்று நான் முதலில் அவருடைய காலைத்தான் பார்த்தேன். வழக்கப்படி அவர் மாப்பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டும். எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். மாமா மட்டும் பெண்ணைப் பார்க்காமல், சேறு பட்ட அந்த வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் திருநீறு மட்டும்தான் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

ஐயா மகளின் கையிலிருந்து தட்டை வாங்கினார். மாமாவைத் தாண்டினார், அப்பாவைத் தாண்டினார், சுவரோரம் போய் எங்கள் அம்மாவுக்கு முன்னால் குனிந்தார்.

"எடுத்துக்கங்க தங்கச்சி."

மாப்பிள்ளையின் தாயைத்தான் பெண்ணைப் பெற்றவர் அந்த முறை வைத்துக் கூப்பிடுவார். இவருக்கு என்ன வந்தது என்பது போல அவருடைய மனைவி தரகரைப் பார்த்தார். தரகர் கூரையைப் பார்த்தார். அம்மா பதறி எழுந்து, ஐயோ நீங்க ஏன் என்று சொல்லி இரண்டு கையாலும் கோப்பையை வாங்கிக்கொண்டாள். தட்டு இலேசாக ஆடி, தேநீர் சாசரில் வழிந்தது. அடுத்த கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு, அம்மா குடிக்கும் வரை நின்று, அதற்குப் பிறகுதான் ஐயா குடித்தார். தரகரிடம் திரும்பி, ஐயரிடம் நாள் கேட்டுவிடுங்கள் என்றார். மாமா அப்போதுதான் நிமிர்ந்து பெண்ணைப் பார்த்தார். பிறகு எனக்கு அத்தையான அவர் சிரித்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மாவுக்கு வாய் ஓயவில்லை.

"கடைக்காரங்கன்னா தலைக்கனம்னு சொல்லுவாங்க. எப்பிடிப்பட்ட மனுசன் பாரு. என்னையப் போயி தங்கச்சிங்கிறாரு."

"ஆமாக்கா" என்றார் மாமா. முன்னால் போன பஸ்ஸை முந்த இடம் இருந்தும் முந்தாமல், அதன் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. அம்மா எவ்வளவு வேகமாகக் கொழுந்து எடுப்பாள் என்பது அந்த ஐயாவுக்கு அதுவரை சரியாகத் தெரிந்திருக்கவில்லை. நான்தான் எடுத்துச் சொன்னேன். தெரிந்ததும் முதல் கோப்பையைக் கொடுத்துவிட்டார். அம்மாவிடம் அதைச் சொல்லிப் பெருமைப்படலாமா என்று யோசித்தேன். பெரிய காரியம் செய்தவர்கள் தாங்களாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று தோன்றவே, மூலையில் கால்களை ஆட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.